செஸ்ட்நட் தேடும் நடை: 55 டாலருக்கு என்ன கிடைத்தது

வர்ஜீனியா, மேரிலாந்து பக்கம் இருக்கிற சிலர் விசாரித்ததால் இதை எழுதுகிறேன். வர்ஜீனியாவின் மாசனட்டன் மலையில் சில சனிக்கிழமைகளில் 'காட்டுச் செஸ்ட்நட் தேடும் நடை' என்று ஒன்று நடத்துகிறார்கள். செஸ்ட்நட் என்பது முள்கூட்டுக்குள் தின்னக்கூடிய கொட்டை காய்க்கும் ஒரு மரம். நானும் தம்பியும் ஜூன் கடைசியில் போய்வந்தோம். நாலு மணி நேரம், ஆளுக்கு 55 டாலர். நடத்துவது வயதான ஒரு தம்பதி. அந்த அம்மா முன்னால் நடந்து மரங்களைக் காட்டிப் பேசுகிறார். அவர் கணவர் வரிசையின் கடைசியில் வந்து, பின்தங்குகிறவர்களைப் பார்த்துக்கொள்கிறார். கீழே சில குறைகளும் சொல்லப்போவதால் பெயர் போடவில்லை. வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள்.

போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். விளம்பரத்தை மட்டும் நம்பாதீர்கள்.

"அழிந்துபோன மரத்தை உங்கள் கண்ணாலேயே பாருங்கள்" என்று அதில் போட்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்கிற மரம் அமெரிக்கச் செஸ்ட்நட். அது அழியவே இல்லை. 1904-இல் நியூயார்க்கின் பிராங்ஸ் உயிரியல் பூங்காவில்தான் செஸ்ட்நட் மரங்கள் பட்டுப்போவதை முதலில் கவனித்தார்கள். ஆசியாவிலிருந்து இறக்குமதியான கன்றுகளோடு வந்த ஒரு பூஞ்சை அதற்குக் காரணம். ஆசிய மரங்களுக்கு அது காலங்காலமாகப் பழகிய நோய். அமெரிக்க மரத்துக்கோ அதை எதிர்க்கும் சக்தி கிடையாது. மெய்ன் மாநிலத்திலிருந்து தெற்கே அலபாமா வரை மலைகளில் நிறைந்திருந்த மரம், 1950 வாக்கில் ஏறக்குறைய முழுதும் காய்ந்துவிட்டது. 300 கோடி, 400 கோடி மரங்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பூஞ்சையால் மண்ணுக்கு மேலே இருப்பதைத்தான் கொல்ல முடிகிறது. மண்ணில் இருக்கும் மற்ற நுண்ணுயிர்கள் அதை வேருக்குள் நுழைய விடுவதில்லை. அதனால் வேர் பிழைத்து, அடியிலிருந்து துளிர்விட்டுக்கொண்டே இருக்கிறது. துளிர் வளரும், பட்டை தடித்து வெடிக்கும், அந்த வெடிப்பில் பூஞ்சை புகும், தண்டு சாகும், வேர் மறுபடி துளிர்விடும். இப்படி இன்றும் சுமார் 43 கோடி செஸ்ட்நட் தண்டுகள் காடுகளில் நிற்பதாக ஒரு மதிப்பீடு உண்டு. முக்கால்வாசிக்கும் மேல் ஓர் அங்குலத் தடிமன்கூட இல்லாதவை.

ஆக, செஸ்ட்நட்டைப் 'பார்ப்பது' ஒன்றும் அபூர்வமான காரியமில்லை. இந்த மலைகளில் நடந்து பழகியவர்கள் எத்தனையோ தடவை அதன்மேல் உரசிக்கொண்டு போயிருப்பார்கள். அது செஸ்ட்நட்தான், அதிலும் அமெரிக்கச் செஸ்ட்நட்தான் என்று தெரிந்துகொள்ளும் கண்ணுக்குத்தான் இந்த 55 டாலர். அப்படி நினைத்துப் போனால் ஏமாற மாட்டீர்கள்.

மேலே நான் சொன்ன கதை முழுவதையும் அந்த அம்மா கார் நிறுத்துமிடத்திலேயே, சரளைக்கல் மேல் எங்களை நிற்கவைத்துச் சொல்லி முடித்தார். முக்கால் மணி நேரம். நன்றாகத்தான் சொன்னார். ஆனால் நடக்க வந்தவர்களை முக்கால் மணி நேரம் நிற்கவைப்பது எனக்கு ஒப்பவில்லை. மேலே போய், பழைய செஸ்ட்நட் அடிக்கட்டை ஒன்றின் பக்கத்தில் நின்று இதையே பத்து நிமிடத்தில் சொல்லியிருந்தால் மனதில் ஏறியிருக்கும். பாதிப் பேர் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். தம்பி காருக்குப் போய்ப் பையில் இருந்த முறுக்கை எடுத்துவந்தான்.

அதற்கப்புறம் செய்ததுதான் இந்த நடையிலேயே உருப்படியான விஷயம். காரின் பின்கதவைத் திறந்து, வெள்ளைத் துணி ஒன்றை விரித்து, ஐந்து சிறுகிளைகளை வரிசையாக வைத்தார். அன்று காலையில் தன் வீட்டு நிலத்திலும், தெரிந்தவர்கள் நிலத்தில் கேட்டுக்கொண்டும் வெட்டியவையாம். ஒவ்வொன்றிலும் நாலைந்து இலைகள். பக்கத்தில் எண் மட்டும். "இதில் எது அமெரிக்கச் செஸ்ட்நட்? பேசாமல் எழுதிக் கொடுங்கள்."

பெரும்பாலானவர்கள் எழுதியது நாலாம் எண்ணை. அது சாடூத் ஓக். ஆசியாவிலிருந்து கொண்டுவந்து காட்டு விலங்குகளுக்குத் தீனியாகட்டும் என்று பல இடங்களில் நட்ட ஓக் மரம். அதன் இலை நீளமாக, ஓரமெல்லாம் கூர்மையாக, அப்படியே செஸ்ட்நட்டை உரித்து வைத்தமாதிரி இருக்கும். மற்ற நாலில் ஒன்று பீச் (beech என்கிற காட்டு மரம், பீச் பழ மரம் அல்ல), ஒன்று செஸ்ட்நட் ஓக் (பெயரில்தான் செஸ்ட்நட், மரம் ஓக்), ஒன்று சீனச் செஸ்ட்நட், ஒன்று நிஜமான அமெரிக்கச் செஸ்ட்நட்.

நான் பல் மருத்துவமனையில் வேலை செய்கிறவள். பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு நாள் முழுக்க அடுத்தவர் பல்லைப் பார்க்கிற தொழில். அதனாலோ என்னவோ, இலை ஓரத்துப் பற்களின் வித்தியாசம் எனக்குச் சீக்கிரம் பிடிபட்டது. சாடூத் ஓக்கின் பல் பல்லே அல்ல. நரம்பு இலையின் ஓரத்தைத் தாண்டி ஒரு மயிராக நீட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். பீச் இலையில் பல் சின்னது, மேலோட்டமானது. செஸ்ட்நட் ஓக்கில் கூர்மையே கிடையாது, ஓரம் வளைந்து வளைந்து போகிறது. அமெரிக்கச் செஸ்ட்நட்டில் ஒவ்வொரு பக்க நரம்பும் ஒரு பெரிய பல்லில் போய் முடிகிறது. அந்தப் பல்லும் நேராக நிற்காமல் தூண்டில் முள் மாதிரி இலைநுனியைப் பார்த்து வளைகிறது. சீனச் செஸ்ட்நட்டுக்கும் பல் உண்டு, ஆனால் இந்த வளைவு இல்லை, அளவும் சிறியது.

சரி, இலையை வைத்தே முடித்துவிடலாமே என்றால், அங்கேதான் அந்த அம்மா ஒரு காரியம் செய்தார். ஐந்து கிளைகளிலும் இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துவிட்டு, வெறும் குச்சிகளை மட்டும் வைத்து, "இப்போது சொல்லுங்கள்" என்றார்.

முதலில் எல்லோரும் முழித்தோம். ஆனால் குச்சியைக் கையில் எடுத்துப் பார்த்தால் இலையைவிடத் தெளிவாகப் பேசுகிறது. ஓக் இரண்டையும் உடனே ஒதுக்கிவிடலாம்: ஓக் என்றால் குச்சியின் நுனியில் மொட்டுகள் கும்பலாக இருக்கும். பீச்சின் மொட்டு ஒல்லியாக, நீளமாக, ஊசிநுனியோடு இருக்கிறது. ஒருமுறை பார்த்தால் மறக்காது. மீதி இரண்டு செஸ்ட்நட். ஒரு குச்சி ஒல்லியாக, செம்பழுப்பு நிறத்தில், முடியே இல்லாமல் வழவழவென்று இருந்தது; உடம்பெல்லாம் பொடிப்பொடி வெள்ளைப் புள்ளிகள். மொட்டும் அதே செந்நிறம், கூர்மை, குச்சியிலிருந்து விலகித் துருத்திக்கொண்டு நின்றது. அதுதான் அமெரிக்கன். இன்னொன்று தடிமன் கூடுதல், வெளிறிய பழுப்பும் பச்சையும் கலந்த நிறம். நுனிப்பக்கத்தில் விரலை ஓட்டினால் பூனைமுடி தட்டுப்படுகிறது. மொட்டு உருண்டை, குச்சியோடு படிந்து கிடக்கிறது. அது சீனன்.

அவர் கொடுத்த லென்ஸைத் தம்பியிடம் விட்டுவிட்டு, நான் கொண்டுபோயிருந்த 10 மடங்கு லென்ஸில் கிள்ளிப்போட்ட இலைகளின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். சீனச் செஸ்ட்நட்டின் அடியில் நரம்புகள் மேலும் நரம்புகளுக்கு நடுவிலும் வெண்முடி பின்னிக் கிடக்கிறது. அமெரிக்கனில் நடுநரம்பின் மேல் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக நீள முடி. மற்ற இடமெல்லாம் சுத்தம். இலையின் அடிப்பாகமும் வேறு: அமெரிக்கனில் அது சரிந்து ஒடுங்கிக் காம்பில் சேர்கிறது, சீனனில் உருண்டு முடிகிறது. ஒன்று மெல்லிய காகிதம், மினுமினுப்பு இல்லை. மற்றது தடித்த இலை, மெழுகு பூசிய பளபளப்பு. காம்பு குச்சியோடு சேரும் இடத்தில் இளம் இலைகளுக்குப் பக்கத்தில் குட்டிச் செதில் ஒன்று இருக்கும். அமெரிக்கனில் ஒல்லியாக, சீக்கிரம் உதிர்ந்துவிடும். சீனனில் அடி அகன்று, பெரிதாக இருக்கும்.

இத்தனையும் பார்க்க வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். நிழலில் வளர்ந்த சீன இலையில் முடி குறைந்துவிடும், அப்போது இலை ஏமாற்றும். அதனால்தான் வெயில்படும் கிளையின் இலையையும் குச்சியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன் என்றார் அந்த அம்மா. எனக்கு இந்த ஒரு பதிலுக்கே கொடுத்த காசு தகும்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். போனில் செடி அடையாளம் சொல்லும் ஆப் ஒன்று வைத்திருக்கிறான். அதற்குச் சந்தாவும் கட்டுகிறான். "அக்கா, இதுக்கெல்லாம் எதுக்கு 55 டாலர், போட்டோ எடுத்தா சொல்லிடப்போகுது" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவன். இலைகளைக் கிள்ளும் முன்பே, துணி மேல் இருந்த கிளைகளை இலை மட்டும் தெரிகிறமாதிரி படமெடுத்தான். சாடூத் ஓக்கைச் செஸ்ட்நட் என்றது. சீனச் செஸ்ட்நட்டை அமெரிக்கச் செஸ்ட்நட் என்றது. பீச்சைச் சரியாகச் சொன்னது. அந்த அம்மா சிரிக்கவில்லை. போனை வாங்கி, குச்சியும் மொட்டும் தெரிய ஒரு படம், இலையடி தெரிய ஒரு படம், காம்பு சேரும் இடம் தெரிய ஒரு படம் என்று எடுத்துக் கொடுத்தார். இப்போது ஓக்கை ஓக் என்றது. ஆனால் அமெரிக்கனா சீனனா என்பதில் கடைசிவரை தடுமாறியது. இந்த ஆப்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. 'செஸ்ட்நட் குடும்பம்' என்கிற அளவுக்கு அவை கூட்டிக்கொண்டு போகும். அதற்கு அப்பால் நாம்தான் நடக்க வேண்டும்.

மலையேற்றம் பெரிய சிரமமில்லை. மூட்டுவலிக்காரர்கள் ஊன்றுகோல் வைத்துக்கொண்டால் போதும். எங்கே தேடுவது என்பதை ஏறும்போதே விளக்கினார். கீழே ஷெனண்டோவா பள்ளத்தாக்கு சுண்ணாம்புக்கல் பூமி; செஸ்ட்நட்டுக்கு அது ஆகாது. மாசனட்டன் முகடு மணற்கல். மண் அமிலத்தன்மை உள்ளது, தண்ணீர் தேங்காது. செஸ்ட்நட் ஓக்கும், மவுண்டன் லாரல் புதரும், காட்டு புளூபெர்ரியும், சாசஃப்ராஸ் மரமும் சேர்ந்து நிற்கிற இடமாகப் பார்த்துக் கண்ணை இடுப்பு உயரத்துக்கு இறக்குங்கள் என்றார். எல்லோரும் அண்ணாந்து பார்த்துத்தான் செஸ்ட்நட் தேடுகிறார்களாம்.

சொன்ன கொஞ்ச நேரத்தில் முதல் கொத்து கிடைத்தது. தம்பி அதைத் தாண்டிப் போயிருந்தான்! ஏழெட்டுத் தண்டுகள், எதுவும் கட்டைவிரல் தடிமனைத் தாண்டவில்லை, சுமாராக ஒரு வட்டத்தில். வட்டத்தின் நடுவில் இலைச்சருகு மூடிய பள்ளம். பழைய மரத்தின் அடிக்கட்டை அங்கேதான் இருந்திருக்க வேண்டும் என்றார். செஸ்ட்நட் மரத்தில் டானின் என்கிற துவர்ப்புப் பொருள் அதிகம் என்பதால் லேசில் மக்காது. அந்தக் காலத்து வேலிகளுக்கு அதைத்தான் பிளந்து போட்டார்கள். அப்படிப்பட்ட கட்டையே மக்கிப் பள்ளமாகிவிட்ட பிறகும் வேர் இன்னும் இலை விட்டுக்கொண்டிருக்கிறது.

அந்தக் கொத்தில் ஒரு தண்டு மட்டும் நடுக்கோடையில் காய்ந்த இலைகளோடு நின்றது. கீழே தடவிப் பார்த்தால் பட்டை நீளவாக்கில் வெடித்து, ஓரம் வீங்கி, அதன் மேல் குண்டூசித் தலை அளவில் ஆரஞ்சுப் புள்ளிகள். பூஞ்சை. தூரத்திலிருந்தே இப்படிக் காய்ந்த இலை உதிராமல் தொங்குவதைப் பார்த்துச் செஸ்ட்நட்டைக் கண்டுபிடிக்கிறவர்கள் இருக்கிறார்களாம். புண்ணுக்குக் கீழே புதுத் துளிர்கள் கிளம்பியிருந்தன. மனிதர்களுக்கு அந்தப் பூஞ்சையால் ஒன்றும் ஆகாது, ஆனால் அதைத் தொட்ட கத்தியோடு அடுத்த மரத்துக்குப் போகாதீர்கள் என்று சொல்லி, தன் கத்தரியை ஆல்கஹால் போட்டுத் துடைத்தார். யாரும் கேட்காமலே செய்தார். இப்படிப்பட்ட சின்னச் சின்ன விஷயங்களில் ஆள் கெட்டி.

முகட்டில் ஒரு பாறைமேடு. பைனாகுலரைக் கையில் கொடுத்து எதிர்ச்சரிவைப் பார்க்கச் சொன்னார். ஜூன் கடைசியில் ஓக் மரங்கள் பூத்து ஓய்ந்து வெறும் பச்சையாக நிற்கும். செஸ்ட்நட் அதற்கப்புறம்தான் பூக்கும் என்பதால், பச்சைக்கு நடுவில் பாலாடை நிறத்தில் ஒரு தலை தெரிந்தால் அது அனேகமாகச் செஸ்ட்நட். எதிரே மின்கம்பி போகிற வழிக்காக மரங்களை வெட்டிய நீளமான வெட்டவெளியின் ஓரத்தில் அப்படி ஒன்று தெரிந்தது. செஸ்ட்நட் நிழலில் இருக்கிறவரை பூப்பது அரிது. மேலே திறந்து வெயில் விழுந்தால்தான் உயர்ந்து பூக்கும். ஆகவே மின்கம்பி வழி, மரம் வெட்டிய இடம், தீப்பிடித்து ஆறிய சரிவு இவற்றின் ஓரங்களைப் பாருங்கள் என்றார்.

அந்த மரத்துக்கே கூட்டிக்கொண்டு போனார். இருபத்தைந்து அடி இருக்கும். பக்கத்தில் போகும் முன்பே வாடை வந்துவிட்டது. தம்பி, "என்னக்கா இது, பூவா இப்படி நாறுது?" என்றான். பூதான். இனிப்பும் இல்லை, அழுகலும் இல்லை. ஒரு மாதிரி கனமான வாடை, எல்லோருக்கும் பிடிக்காது. வண்டுகளுக்கும் தேனீக்களுக்கும் குறையில்லை. சரம் சரமாகத் தொங்குவது ஆண்பூ. நுனிப்பக்கத்துச் சரங்களைத் தாழ்த்திப் பிடித்து, அவற்றின் அடியில் மிளகு அளவுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும் பச்சை உருண்டைகளைக் காட்டினார். அவை பெண்பூ, அதுதான் முள்கூடாக ஆகும். லென்ஸில் பார்த்தால் அந்த உருண்டைக்கு இப்போதே முள் மாதிரி செதில்கள் இருக்கின்றன.

கீழே போன வருடத்து முள்கூடுகள் கிடந்தன. ஒன்றைக் காலணியால் மிதித்துத் திறந்தார். உள்ளே மூன்று கொட்டைகள், மூன்றும் தட்டையான வெறும் தோல். ஒற்றை மரம் தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளாது. காற்றோ பூச்சியோ எட்டும் தூரத்தில் இன்னொரு செஸ்ட்நட் பூக்க வேண்டும். முள்கூட்டை நிறையப் பார்த்து ஆசையோடு திறந்து ஏமாறுகிறவர்கள் உண்டு. அதனால் கூடு காலியாக இருந்தால் மரத்தைச் சந்தேகிக்காதீர்கள் என்றார். கூட்டுக்கு ஒரே ஒரு கொட்டை, இலையடி வெள்ளைவெளேர் என்று முடியோடு, புதராக நின்றால் அது சிங்காபின். அதுவும் இந்தக் குடும்பத்தின் காட்டு மரம்தான்.

கொட்டையைப் பற்றிப் பேசும்போது ஒன்றை அவர் விட்டுவிட்டார், அதை நான் குறையாகவே சொல்வேன். ஹார்ஸ் செஸ்ட்நட்! பூங்காவிலும் தெருவோரத்திலும் நட்டிருக்கும் அந்த மரத்தின் கொட்டை விஷம். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் முதலில் பொறுக்குவது அதைத்தான். குழுவில் ஒரு பெண் கேட்ட பிறகுதான் இரண்டு வாக்கியம் சொன்னார். அதை முதலிலேயே, அந்த முக்கால் மணி நேரத்துக்குள்ளேயே சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லிவிடுகிறேன்: ஹார்ஸ் செஸ்ட்நட்டில் ஒரே காம்பின் நுனியில் ஐந்து முதல் ஏழு சிற்றிலைகள் விரிந்திருக்கும், கிளைகள் எதிரெதிராக முளைக்கும். அதன் கூட்டில் முள் கம்மி, இடைவெளி அதிகம். கொட்டை மொழுமொழுவென்று உருண்டையாக இருக்கும், நுனி இருக்காது. உண்மையான செஸ்ட்நட் கொட்டைக்கு ஒரு பக்கம் கூர்நுனியும் அதில் சின்னக் குஞ்சமும் உண்டு. கூட்டின் மேல் விரல் வைக்க இடமில்லாமல் ஊசி ஊசியாக முள். அமெரிக்கக் கொட்டை சின்னது, நுனியிலிருந்து பாதி உடம்பு வரைகூடப் பூனைமுடி இருக்கும்; சீனக் கொட்டை பெரியது, முடி நுனியோடு நின்றுவிடும்.

இறங்கும் வழியில் சந்தேகம் வந்தால் என்ன செய்வது என்பதையும் சொன்னார், இது பயனுள்ளது. பழைய வீட்டு மனைகளுக்குப் பக்கத்தில் நிற்பவை பெரும்பாலும் யாரோ நட்ட சீன மரங்களோ கலப்பினங்களோ. கலப்பினத்தில் குச்சி ஒன்று சொல்லும், இலை வேறொன்று சொல்லும். அந்த மாதிரி வந்தால் தனியாக மண்டையைக் குழப்பிக்கொள்ளாமல் அமெரிக்கன் செஸ்ட்நட் ஃபவுண்டேஷனுக்கு மாதிரி அனுப்பலாம். 1983-இல் தொடங்கிய அமைப்பு, தலைமையிடம் வட கரோலினாவின் ஆஷ்வில். இலையோடு கூடிய புதுக் குச்சியை, ஓர் அடிக்குள், செய்தித்தாள் நடுவில் தட்டையாக வைத்து, இருபுறமும் அட்டை கொடுத்து, படிவத்தோடு தபாலில் போட வேண்டும். பிளாஸ்டிக் பை கூடாது, உள்ளே வியர்த்து அழுகிவிடும். அவர்களும் குச்சியைத்தான் கேட்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் எங்கே வெட்டுகிறோம் என்பது முக்கியம். நாங்கள் நடந்தது ஜார்ஜ் வாஷிங்டன் தேசிய வனம். வணிக நடைக்கு அனுமதி வாங்கியிருக்கிறார்கள், காகிதத்தைக் கேட்டவர்களுக்குக் காட்டினார். அங்கேயும் குச்சி வெட்டும் முன் வனத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்கச் சொன்னார். பள்ளத்தாக்குக்கு அந்தப்பக்கம் இருக்கும் ஷெனண்டோவா தேசியப் பூங்காவில் கிளை ஒடிப்பதே குற்றம். அங்கே படமெடுப்பதோடு சரி. தனியார் நிலம் என்றால் உரிமையாளரைக் கேட்டே ஆக வேண்டும், இங்கே அதில் விளையாட முடியாது.

இனி மற்ற குறைகள். பத்துப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்று பதிவுப் பக்கத்தில் போட்டிருக்கிறது. எங்கள் குழுவில் அதற்கு ஒன்றரை மடங்கு இருந்தோம். ஒற்றையடிப் பாதையில் அந்த வரிசையின் பின்பாதிக்கு முன்னால் பேசுவது கேட்காது. கணவரிடம் கேட்டால் அவர் சிரித்துக்கொண்டே "மேலே போனதும் அவளைக் கேளுங்கள்" என்கிறார். நல்ல மனிதர், ஆனால் மரம் பற்றிப் பேசுவது அவர் வேலை இல்லை போலிருக்கிறது. கையில் கொடுத்த அட்டையோ கறுப்பு வெள்ளை. குச்சியின் செந்நிறத்தை இத்தனை நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டு அதை நிறமில்லாமல் அச்சடித்தால் என்ன பிரயோசனம்? லென்ஸும் மொத்தக் குழுவுக்கும் ஒன்றுதான். சொந்தமாக ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள், 10 மடங்கு போதும், அதற்கு மேல் கை நடுங்கினால் ஒன்றும் தெரியாது. கழிப்பறை கிடையாது. மழை பெய்தால் பணம் திரும்பாது, வேறு தேதிதான் கொடுப்பார்கள். இதைப் பதிவுப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

உண்ணி பற்றி எச்சரித்தார்கள், அதைக் கேளுங்கள். முழுக்கால் சட்டை, அதைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் உடம்பெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும். புளூபெர்ரிப் புதரில் குனிந்து குனிந்து துளிர் தேடுகிற நடை இது, சும்மா பாதையில் போவது போல் இல்லை. தம்பி அரைக்கால் சட்டையில் வந்து, முழங்காலுக்குப் பின்னால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். தொட்டால் அரித்துத் தடிக்கும் பாய்ஸன் ஐவிக் கொடியும் உண்டு.

யார் போகலாம்? செடி, மரம் என்றால் நின்று பார்க்கிறவர்கள், ஏதாவது ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் கண்டிப்பாகப் போகலாம். பெரிய மரம் பார்த்து வாய்பிளக்க வேண்டும் என்பவர்களுக்கு இது ஒத்துவராது. நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் இடுப்பளவுச் செடி. பத்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் கார் நிறுத்துமிடத்திலேயே சலித்துவிடுவார்கள்.

ஜூன் கடைசி, ஜூலை முதல் வாரம் என்றால் பூ. செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் நடத்துகிற நடையில் முள்கூடு பார்க்கலாம். அதற்குத் தோல் கையுறை எடுத்துப்போக வேண்டும், தோட்டத்துத் துணிக் கையுறையை அந்த முள் சட்டை செய்யாது. இலையும் குச்சியும் இரண்டு பருவத்திலும் கிடைக்கும். முதல்முறை போகிறவர்களுக்கு நான் ஜூனைத்தான் சொல்வேன், ஏனென்றால் தூரத்திலிருந்து கண்டுபிடிக்கும் வித்தை அப்போதுதான் படியும். தம்பி ஆப் சந்தாவை நிறுத்தவில்லை, ஆனால் அக்டோபருக்குப் பெயர் கொடுத்துவிட்டான்.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். அந்தத் துணியும் ஐந்து குச்சிகளும் இல்லாவிட்டால் இரண்டுதான் கொடுத்திருப்பேன். பதிவு செய்யும்போது, அந்தச் சனிக்கிழமைக்கு எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பத்தைத் தாண்டினால் வேறு தேதி பாருங்கள்.